‘போதும்’ என்று கோழிக்குச் சொல்வது யார்?

யாழ்ப்பாணத்து வளவுகளிலே காலை வேளையில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. கூடு திறந்ததும் கோழிகள் பாய்ந்து வருகின்றன. வீட்டுக்காரி ஒரு பிடி குறுணலை முற்றத்தில் வீசுகிறாள். அவை தலை நிமிராமல் கொத்துகின்றன. சிறிது நேரம் சென்றதும், மணிகள் இன்னும் மண்ணிலே சிதறிக் கிடக்கும்போதே, ஒரு பேடு கொத்துவதை நிறுத்துகிறது. அலகை நிலத்திலே துடைக்கிறது. வேலியோரம் போய்ப் புழுதியில் குடைந்து படுக்கிறது. உணவு தீரவில்லை, ஆயினும் உண்பது நின்றுவிட்டது. ‘போதும்’ என்று அதற்குச் சொன்னது யார்?

“வயிறு நிரம்பியது, ஆகையால் நிறுத்தியது” என்று எளிதாக விடை கூறிவிடலாம். இவ்விடையில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அடைகிடக்கும் கோழியைப் பாருங்கள். அதன் வயிறு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். பக்கத்திலே தீன் வைத்தாலும் அது எழுந்து உண்பதில்லை. இறைச்சிக்கென்று வளர்க்கப்படும் புரொயிலர் கோழியோ இதற்கு நேர்மாறானது. தொண்டைக்குக் கீழே தீன்பை புடைத்து நிற்கையிலும் தீன் தொட்டியை விட்டு அகல மனமின்றி நிற்கும். ஆகவே, பசியையும் நிறைவையும் வயிறு ஒன்றே தீர்மானிப்பதில்லை என்பது தெளிவு. இரத்தத்தில் ஓடும் தூதுவர் சிலரும், அத்தூதுவரின் செய்தியைக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் மூளையும் இதிலே பங்கு கொள்கின்றனர். அத்தூதுவருக்கே ஓமோன்கள் என்று பெயர்.

மானிப்பாயில் வழங்கிய ‘சுகரணம்’

உடலுறுப்புக்கள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று ஆராயும் துறையை இன்று உடற்றொழிலியல் என்கிறோம். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அதற்குச் ‘சுகரணம்’ என்ற பெயர் மானிப்பாயிலே வழங்கிற்று. அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் தமது வைத்தியப் பணியைத் தொடங்கினார். மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் பயனாக அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் தோன்றின. டால்டன் என்னும் அமெரிக்க அறிஞரின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்ற பெயரோடு 1883ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு கிறீன் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயின் அடையாளங்களுள் ஒன்றாக இன்றும் விளங்குகிறது.

அந்த நூல் வெளிவந்த காலத்தில் ‘ஓமோன்’ என்ற சொல்லே உலகில் பிறக்கவில்லை. ஆயினும் அதற்கான விதை ஏற்கெனவே ஊன்றப்பட்டிருந்தது. அதுவும் கோழியிலேயே ஊன்றப்பட்டிருந்தது. கிறீன் மானிப்பாய்க்கு வந்த மறு ஆண்டாகிய 1849இல், ஜேர்மனி நாட்டிலே கொற்றிங்கன் நகரத்தில் பெர்தோல்ட் என்ற அறிஞர் ஆறு சேவற் குஞ்சுகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். விதைகளை அகற்றினால் சேவலின் கொண்டை சிறுத்துவிடும். கூவலும் சண்டையும் குன்றிவிடும். இது உலகறிந்த செய்தி. பெர்தோல்ட் அகற்றிய விதைகளை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்தார். நரம்புத் தொடர்பு அறுபட்டிருந்தும் அக்குஞ்சுகள் கொண்டை வளர்ந்து, கூவி, சண்டையிடும் சேவல்களாயின. இரத்தத்தின் வழியே ஏதோ ஒரு பொருள் உடலெங்கும் சென்று இம்மாற்றத்தைச் செய்கிறது என்று அவர் கண்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின், 1905இல், இலண்டன் அறிஞர் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு ஓமோன் என்று பெயரிட்டார். ‘தூண்டுவது’ என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் அமைந்தது.

தானியக் குவியலின் மேல் ஒரு பட்டினி

மூளைக்கும் பசிக்கும் தொடர்பு உண்டு என்பதையும் முதலில் எடுத்துக்காட்டிய உயிர்களுள் கோழி ஒன்று. பிரான்சிய அறிஞர் புளூரான்ஸ் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பெருமூளை அகற்றப்பட்ட ஒரு பேட்டின் வரலாற்றைக் கூறுகிறார். அது பல மாதம் உயிரோடிருந்தது. நின்றது, தள்ளினால் நடந்தது, வாயின் உள்ளே தீனை வைத்தால் விழுங்கிற்று. ஆனால் பட்டினியாக விட்டுத் தானியத்தின் நடுவே நிறுத்தியபோதும் தானாக ஒரு மணியையும் கொத்தவில்லை. வயிறு இருந்தது; வெறுமையும் இருந்தது; அந்த வெறுமையை உணவு தேடும் செயலாக மாற்றவல்ல மூளைப்பகுதி இல்லை. இத்தகைய சோதனைகள் நம் மனத்தை வருத்துவன. ஆயினும் அவை தந்த பாடம் பெரிது.

பின்னர் வந்தோர், மூளையின் அடித்தளத்தில் கண் நரம்புகள் சந்திக்கும் இடத்தை ஒட்டியுள்ள ஐப்போதலமசு என்னும் சிறு பகுதியைப் பசியின் முக்கிய இருப்பிடமாகக் கண்டனர். இவ்வாராய்ச்சியில் இந்தியர் ஒருவருக்கும் பெரும் பங்குண்டு. பால் கிருஷண் ஆனந்த் என்பவர் அமெரிக்காவில் புரோபெக் என்ற அறிஞரோடு சேர்ந்து, எலியின் ஐப்போதலமசில் பக்கவாட்டிலுள்ள ஒரு சிறு இடம் சிதைந்தால் அது உண்பதையே நிறுத்திவிடும் என்று 1951இல் வெளியிட்டார். பின்னாளில் தில்லியிலுள்ள அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தில் உடற்றொழிலியற் பகுதியை உருவாக்கியவரும் அவரே. 1960களில் கோழிகளிலும் இவ்வகைச் சோதனைகள் நடைபெற்றன. ஐப்போதலமசின் ஓரிடம் பழுதுற்ற கோழி அளவின்றி உண்டு கொழுத்தது.

தராசின் இரு தட்டுக்கள்

கோழி உண்ணும் வழியைச் சிறிது பார்ப்போம். அதற்குப் பல் இல்லை. கொத்திய தீன் முதலில் தொண்டையடியிலுள்ள தீன்பையில் சேர்ந்து ஊறுகிறது. அங்கிருந்து செரிமான நீர் சுரக்கும் சிறு வயிற்றுக்கும், அதன்பின் தடித்த தசைகளாலான வயிற்றுக்கும் செல்கிறது. அத்தசைவயிறு, கோழி விழுங்கிய மணலையும் சிறுகல்லையும் அம்மிபோற் கொண்டு தானியத்தை அரைக்கிறது. பின்பு குடலில் சத்து உறிஞ்சப்படுகிறது.

இப்பாதை முழுவதிலுமிருந்து மூளைக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. தீன்பையும் வயிறும் விரிவதை நரம்புகள் உடனுக்குடன் அறிவிக்கின்றன. இது தந்தி போன்றது, விரைவாகச் சென்றடையும். குடலிலும் பிற உறுப்புக்களிலும் சுரக்கும் ஓமோன்கள் இரத்தத்தோடு செல்கின்றன. அவை கடிதம் போன்றவை. சற்றுத் தாமதித்துச் சேரும். ஆனால் உடலின் நிலையை விரிவாகச் சொல்லும். உதாரணமாக, உணவு குடலை அடைந்ததும் கோலசிஸ்டோகைனின் என்னும் ஓமோன் சுரக்கிறது. “வந்தது போதும், இதைச் செரிக்க நேரம் கொடு” என்பதே அதன் செய்தி. இதனைக் கோழிக்குச் செலுத்தினால் அது உண்பது குறைகிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலினும், கோழிக்குஞ்சின் மூளையை எட்டும்போது, உணவு விருப்பத்தைக் குறைக்கிறது.

இச்செய்திகள் யாவும் வந்து சேரும் ஐப்போதலமசிலே எதிரெதிரான இருவகை நரம்புக்கலங்கள் உள்ளன. ஒரு வகை ‘உண்’ என்று ஏவுவது. மற்றையது ‘நிறுத்து’ என்று தடுப்பது. முதல் வகை, நியூரோபெப்டைடு-வை என்னும் பொருளைச் சுரந்து பசியை எழுப்புகிறது. வயிறு நிறையத் தின்ற குஞ்சின் மூளையிலே இப்பொருளைச் சிறிதளவு செலுத்தினாலும் அது மீண்டும் கொத்தத் தொடங்கிவிடும். பட்டினி கிடக்கும் கோழியின் மூளையில் இது மிகுதியாக உண்டாகிறது. மற்றைய வகைக் கலங்கள் மெலனோகோர்ட்டின் என்னும் இனத்துப் பொருளைச் சுரந்து பசியைத் தணிக்கின்றன. ஒரு தராசின் இரு தட்டுக்கள் போல இவை ஏறியும் இறங்கியும் நிற்க, அதன் முள் காட்டும் திசையில் கோழி உண்கிறது, அல்லது ஓய்கிறது.

தராசின் தட்டிலே வேறு சில பாரங்களும் விழுவதுண்டு. கீரியைக் கண்டு வெருண்ட கோழி நெடுநேரம் தீனைத் தொடாது. அச்சத்தின்போது மூளையில் சுரக்கும் ஒரு பொருள் பசியை வன்மையாக அடக்கிவிடுகிறது. நோயுற்ற கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உண்ணாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. கிருமியை எதிர்க்கும் கலங்கள் விடுக்கும் செய்திகள் மூளையை அடைந்து பசியைக் குறைக்கின்றன. கடும் வெயிலிலே கோழி குறைவாக உண்பதும் இவ்வாறே. உணவு செரிக்கையில் உடலில் வெப்பம் உண்டாகும்; வியர்வைச் சுரப்பியில்லாத பறவைக்கு அவ்வெப்பத்தைத் தள்ளுவது எளிதன்று.

மனிதனுக்குச் சொன்னது கோழிக்குப் பொருந்தவில்லை

1999ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர்கள் எலியின் இரைப்பையிலிருந்து ஓர் ஓமோனைப் பிரித்தெடுத்தனர். அதற்குக் கிரெலின் என்று பெயர். வயிறு வெறுமையாகும்போது அது இரத்தத்தில் உயரும். மூளையை அடைந்து பசியைக் கிளப்பும். மனிதரிடத்தும் அவ்வாறே நிகழ்வதால், ‘பசி ஓமோன்’ என்று உலகம் அதனைப் புகழ்ந்தது. கோழியிலும் அவ்வோமோன் உண்டு. செரிமான நீர் சுரக்கும் சிறு வயிற்றிலே மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் அதனைக் கோழிக்குஞ்சின் மூளையிலே செலுத்தியபோது நிகழ்ந்தது என்ன? குஞ்சு உண்ணத் தொடங்கவில்லை, உண்டுகொண்டிருந்ததையும் குறைத்துவிட்டது! ஒரே தூதுவன், ஒரே கடிதம். படிப்பவரோ வேறு பொருள் கொண்டனர். கோழியின் மூளையில் கிரெலின், அச்சத்தின்போது எழும் பொருளைத் தூண்டி, அதன் வழியாகப் பசியை அடக்குகிறது என்று பின்னர் விளங்கியது.

லெப்டின் கதையும் இத்தகையதே. 1994இல் நியூயோர்க்கில் கண்டறியப்பட்ட இவ்வோமோன் மனிதரில் உடற்கொழுப்பிலிருந்து சுரந்து, “சேமிப்பு இவ்வளவு உண்டு” என்று மூளைக்குக் கணக்குக் கொடுக்கிறது. கோழியிலும் அது இருக்கவேண்டும் என்று தேடியவர்கள் நெடுங்காலம் தம்முள் வாதிட்டனர். உண்மையான கோழி லெப்டினின் மரபணு 2016ஆம் ஆண்டிலேதான் ஐயமற அறியப்பட்டது. அதுவும் கொழுப்பிலன்றி மூளை முதலிய உறுப்புக்களிலேயே தொழிற்படுவதாகத் தெரிந்தது. கொழுப்பின் கணக்கைப் பறவைகள் வேறு வழியாகவே வைத்திருக்கின்றன போலும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிப்பது விஞ்ஞானத்தில் எத்துணை ஆபத்தானது என்பதற்கு மாணவர்கள் மனத்திற்கொள்ளத்தக்க உதாரணங்கள் இவை.

அடைக்கோழியின் நோன்பு

நம் வீட்டு முற்றத்திலேயே காணக்கூடிய பெரும் அதிசயம் அடைக்கோழியே. இருபத்தொரு நாள் அது முட்டைகளின் மேல் கிடக்கிறது. நாளொன்றுக்கு ஒரு தடவை சிறிது நேரம் எழுந்து, அவசரமாகக் கொத்தி, நீர் அருந்தி, மீண்டும் முட்டைக்கே ஓடுகிறது. இக்காலத்தில் அதன் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும்.

பசியை அடக்கிக்கொண்டு முட்டைக்காகத் தியாகம் செய்கிறது என்று நாம் எண்ணுவோம். உண்மை இன்னும் வியப்பானது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இக்காலத்தில் புரோலக்டின் என்னும் ஓமோனை மிகுதியாகச் சுரக்கிறது. 1930களில் ஒஸ்கார் ரிடில் என்ற அமெரிக்க அறிஞர், இவ்வோமோனைச் செலுத்திப் பேடுகளை அடையிருக்கச் செய்யலாம் என்று காட்டினார். அடைகாக்கும் காலத்தில் பசியின் அளவுகோலே கீழே இறக்கி வைக்கப்படுகிறது. காட்டுக்கோழிகளை வைத்துக் கனடாவில் நிகழ்த்தி 1980இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. அடைகிடக்கும் பேட்டைச் சில நாள் முழுப்பட்டினி போட்டுப் பின்பு உணவளித்தால், அது உண்டு தேறுகிறது. ஆனால் பழைய நிறைக்குத் திரும்புவதில்லை. அடைகாப்பின் அந்த நாளுக்கு உரிய குறைந்த நிறையை எட்டியதும் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அடைக்கோழி பசியோடு போராடவில்லை. அதன் மூளை அக்காலத்துக்கு வேறொரு ‘போதும்’ வகுத்துக்கொண்டது.

அடை தெளிய வேண்டுமென்றால் கோழியின் அடிவயிற்றை நீரில் நனைப்பதும், முட்டையையும் கூட்டையும் அகற்றிவிடுவதும் நம்மவர் வழக்கம். முட்டையின் தொடுகை இறகுதிர்ந்த அடிவயிற்றில் பட்டுக்கொண்டிருக்கும் வரையில் புரோலக்டின் உயர்ந்து நிற்கும், கூட்டைப் பிரித்தால் தாழும், பசி மீளும். ஓமோன் என்ற சொல்லை அறியாதபோதே நம் பாட்டிமார் கைக்கொண்ட முறைக்குள் இவ்வுண்மை அடங்கியிருந்தது.

கேட்காத காது

இனி, குடும்பங்களில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்றைப் பார்ப்போம். “புரொயிலர் கோழிக்கு ஓமோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் ஆறு வாரத்தில் அவ்வளவு பெருக்கிறது” என்ற பேச்சை யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் கேளாதார் இலர். இப்பேச்சு வேரில்லாமல் எழுந்ததன்று. அமெரிக்காவில் ஒரு காலத்தில் செயற்கைப் பெண்மை ஓமோன் வில்லையைச் சேவலின் கழுத்துத் தோலின் கீழ் வைத்துக் கொழுக்கச் செய்தனர். 1959இல் அது கோழிகளுக்குத் தடைசெய்யப்பட்டது. இன்றைய புரொயிலரின் பருமனுக்குக் காரணம் ஊசியன்று, இனத்தெரிவு.

இதற்குச் சான்று வேண்டுமாயின் கனடாவிலுள்ள அல்பேட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் காணலாம். 1957ஆம் ஆண்டின் இனம், 1978ஆம் ஆண்டின் இனம், 2005ஆம் ஆண்டின் இனம் ஆகிய மூன்றையும் ஒரே வகைத் தீன் கொடுத்து அருகருகே வளர்த்தார்கள். 56ஆம் நாளில் அவற்றின் சராசரி நிறை முறையே 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். தீன் ஒன்றே, காலம் ஒன்றே, இனம் மட்டும் வேறு.

தலைமுறை தலைமுறையாக விரைந்து பெருக்கும் கோழிகளையே தெரிந்து இணைத்தபோது, மனிதர் அறியாமலே பசியின் தராசையும் சாய்த்துவிட்டனர். அமெரிக்காவில் வேர்ஜினியா மாநிலத்திலே போல் சீகல் என்ற பேராசிரியர் 1957இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரே மந்தையிலிருந்து, எட்டு வார வயதில் நிறை கூடியவற்றை ஒரு வழியாகவும், நிறை குறைந்தவற்றை மற்றொரு வழியாகவும் பெருக்கினார். ஐம்பது தலைமுறைக்குப் பின் இரு வழிக்கும் நிறையிலே பத்து மடங்குக்கு மேல் வேற்றுமை உண்டாயிற்று. ஒரு வழியிலுள்ளவை அளவின்றி உண்டன. மற்றைய வழியிலே, தீனின் நடுவிலும் உண்ணாமல் இறக்கும் குஞ்சுகள் தோன்றின. உணவு மாறவில்லை, மூளையின் தீர்ப்பு மாறிவிட்டது.

2013இல் ஸ்கொத்லாந்து அறிஞர்கள் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டனர். குடலிலிருந்து ‘போதும்’ என்று சொல்லும் கோலசிஸ்டோகைனினை முன்னர்க் குறிப்பிட்டோம் அன்றோ? விரைந்து வளரும் இனங்களில் அதனை ஏற்கும் வாங்கிகள் குறைவாக இருக்கின்றன. தூதுவன் வருகிறான், செய்தியும் சொல்கிறான், கேட்கும் காது மந்தமாயிற்று.

இதன் விளைவை அதிகம் அனுபவிப்பவை நாம் உண்ணும் புரொயிலர்கள் அல்ல. அவற்றின் தாய் தந்தையரே. புரொயிலர் சில வாரங்களில் தன் வாழ்வை முடித்துவிடுகிறது. முட்டையிடும் பருவம் வரையும் அதன் பின்னும் வாழவேண்டிய பெற்றோர்க் கோழிகளுக்குத் தம் விருப்பப்படி உண்ண விட்டால் அவை கொழுத்து, கால் நொந்து, முட்டை குறைந்து, விரைவில் இறந்தும் போகும். ஆகையால் வளரும் பருவத்திலே, அவை தாமாக உண்ணக்கூடியதில் பாதிக்கும் குறைவாகவே தீன் கொடுக்கிறார்கள். மலிவான இறைச்சிக்குப் பின்னால், நாள் முழுதும் பசித்திருக்கும் ஒரு தலைமுறை நிற்கிறது. நிறைவறியும் ஆற்றலை மனிதன் அதனிடமிருந்து எடுத்துவிட்டான். இப்பொழுது அந்த அளவைத் தானே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டியவனாயினான். இந்நிலையை மாற்ற, சற்று மெதுவாக வளரும் இனங்களை உருவாக்கும் முயற்சி பல நாடுகளில் நடைபெறுகிறது. இறைச்சியின் விலை அதனால் ஏறும்; அவ்விலையைக் கொடுக்க நாம் ஆயத்தமா என்பதே எஞ்சியுள்ள வினா.

வீட்டில் கோழி வளர்ப்போர்க்கு

ஊர்க்கோழியின் பசித்தராசு பெரும்பாலும் செம்மையாகவே இருக்கிறது. அதனை மதித்து நடந்தாற் போதும். வெயில் ஏறுமுன்னும் தணிந்த பின்னும் தீன் கொடுங்கள். நிழலும் தண்ணீரும் எப்பொழுதும் இருக்கட்டும். இருளில் கோழி உண்பதில்லை. ஆகவே கூடு அடையுமுன் தீன்பையை நிரப்ப விரும்பும். மாலைத் தீனை மறவாதீர்கள். முட்டைக்கோடு இரவிலே உருவாவதால், முட்டையிடும் பேடு பிற்பகலில் சுண்ணாம்புச் சத்தைத் தேடும். நம் கடற்கரையில் கிடைக்கும் சிப்பி, மட்டி ஓடுகளை நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். புதிதாகப் பொரித்த குஞ்சு முதல் நாளில் உண்ணவில்லையென்று கலங்க வேண்டாம். வயிற்றிலுள்ள மஞ்சட்கரு மிச்சம் அதனைக் காக்கும். ஆனால் வளர்ந்த கோழி அடையுமில்லாமல் தீனைப் புறக்கணித்தால் அதனை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். நோயை அது அறிவிக்கும் முதல் மொழி அதுவே.

மாணவர்களுக்கு ஒரு சொல். வீட்டில் கோழியை அடைவைக்கும் நாளில் அதன் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள், பதினான்காம் நாள், குஞ்சு பொரித்த நாள் ஆகியவற்றிலும், அது தானாக எழும் வேளை பார்த்து, மெதுவாகப் பெட்டியில் இட்டு நிறுத்துப் பாருங்கள். குஞ்சுகளோடு இறங்கிய பின் எத்தனை நாளில் பழைய நிறையை அடைகிறது என்பதையும் எழுதுங்கள். ஒரு தராசும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும். அவ்வெண்களிலே புரோலக்டினின் ஏற்றமும் இறக்கமும் உங்கள் கண்ணுக்குப் புலப்படும்.